பி.சி.ஜி. ஊசிக்குப் பிறகு: புண், நெறிக்கட்டு, அரிதான சிக்கல்கள் பற்றிய கேள்வி பதில்

பிறந்த குழந்தைக்குப் போடும் முதல் ஊசிகளில் ஒன்று பி.சி.ஜி. காசநோய்க்கான இந்தத் தடுப்பூசி போட்ட அன்று ஒன்றுமே தெரியாது. எல்லாரும் மறந்துபோன பிறகு, மூன்றாவது நான்காவது வாரத்தில் கை தடித்துப் பழுக்கும். வீட்டில் கலவரம் தொடங்கும். பெரும்பாலும் அந்தக் கலவரம் தேவையில்லாதது. உண்மையாகவே கவலைப்பட வேண்டிய குழந்தைகளும் மிகச் சிலர் உண்டு. ஆனால் அவர்களைக் காட்டிக்கொடுப்பது கைப்புண் இல்லை, வேறு அறிகுறிகள். அவற்றைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

ஊசி போட்ட இடம் பழுத்துவிட்டது. இது சிக்கலா?

இல்லை. ஊசி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பி.சி.ஜி.யில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி. தோலுக்குள் அது மெதுவாகப் பெருகும். உடல் அதை அடையாளம் கண்டு எதிர்க்கும். அந்த மோதல்தான் வெளியே புண்ணாகத் தெரிகிறது.

வழக்கமான போக்கு இப்படி இருக்கும். ஊசி போட்டதும் சின்னதாக ஒரு வெள்ளைத் தடிப்பு எழும்பும், அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் சிவந்த மொட்டு வரும். ஐந்தாவது வாரத்துக்குள் அது 4 முதல் 8 மி.மீ. வரை பெரிதாகும். சிலருக்கு அது உடைந்து லேசாகச் சீழோ நீரோ கசியும், காயும், மறுபடி கசியும். 6 முதல் 12 வாரத்துக்குள் ஆறி வட்டமான தழும்பு நிற்கும். இதில் காய்ச்சல் வருவதில்லை. குழந்தை வழக்கம்போல் பால் குடித்து, தூங்கி, எடை கூடிக்கொண்டிருக்கும்.

புண்ணுக்கு என்ன மருந்து போடுவது?

ஒன்றும் போட வேண்டாம். மஞ்சள் பத்து, சுண்ணாம்பு, வெற்றிலைச் சாறு, விளக்கெண்ணெய், கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் களிம்பு, வெந்நீர் ஒத்தடம் எதுவும் தேவையில்லை. பிதுக்கவும் கூடாது. குளிப்பாட்டலாம், தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, ஒற்றித் துடைத்தால் போதும். கசிவு அதிகமாக இருந்தால் காற்றோட்டமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி வையுங்கள்.

தழும்பே வரவில்லை. மறுபடி போட வேண்டுமா?

வேண்டாம். தழும்பு வராததால் பாதுகாப்பு இல்லை என்று சொல்ல முடியாது. அதற்காக இரண்டாவது முறை ஊசி போட வேண்டியதில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அப்படியானால் எதைத்தான் சிக்கல் என்பது?

ஊசி போட்ட இடத்தில் புண்ணுக்குப் பதிலாக ஆழமான சீழ்க்கட்டி உருவாவது முதல் வகை. இதற்குப் பெரும்பாலும் காரணம் ஊசி போட்ட விதம். பி.சி.ஜி.யைத் தோலின் அடுக்குக்குள்ளேயே செலுத்த வேண்டும். பிறந்த குழந்தையின் தோல் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு நுட்பமான வேலை என்பதும் தெரியும். ஊசி முனை கொஞ்சம் ஆழமாகப் போனால் மருந்து தோலுக்கு அடியில் இறங்கிவிடும், கட்டி வரும். அளவும் முக்கியம். நம் நாட்டில் ஒரு மாதத்துக்குள் போட்டால் 0.05 மி.லி., அதற்குப் பிறகு ஒரு வயது வரை 0.1 மி.லி. ஒரே குப்பியிலிருந்து பல குழந்தைகளுக்குப் போடுவதால், குப்பியைச் சரியாகக் கலக்காவிட்டால் ஒரு குழந்தைக்குக் கிருமிகள் அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகலாம்.

காலத்தையும் கவனியுங்கள். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளிலேயே கை சிவந்து, சூடாகி, வலித்து, காய்ச்சலும் வந்தால் அது பி.சி.ஜி. கிருமியின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. சாதாரணச் சீழ்க்கிருமி புகுந்திருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். காய்ச்சல் இல்லாமல், ஓரிரு நாளிலேயே மொட்டு எழும்பிச் சீக்கிரமே புண்ணானால் டாக்டர் வேறு ஒரு கேள்வி கேட்பார்: வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா? குழந்தையின் உடலில் காசநோய்க் கிருமி ஏற்கெனவே இருந்தால் பி.சி.ஜி.க்கு எதிர்வினை இப்படி அவசரமாக வரும். குறிப்பாக, சில மாதம் கழித்துத் தாமதமாக ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் இதை யோசிக்க வேண்டும். அப்போது வீட்டில் எல்லாரும் சளிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. என்ன செய்வது?

சிக்கல்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். இடது தோளில் போட்ட ஊசிக்கு இடது அக்குளில் நெறி கட்டும். சில சமயம் காறை எலும்புக்கு மேலேயோ கழுத்திலோ. பெரும்பாலும் ஊசி போட்ட ஆறு மாதத்துக்குள் வரும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது பாட்டி கையில்தான் முதலில் தட்டுப்படும்.

கட்டி கெட்டியாக, வலியில்லாமல், மேல்தோல் நிறம் மாறாமல் இருந்தால் பார்த்துக்கொண்டிருப்பதே சிகிச்சை. சில மாதங்களில் தானாகக் கரையும். குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, அளவைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. கழுத்தில் கட்டி, அக்குளில் கட்டி என்றதும் டிபி என்று முடிவுகட்டி ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடுவது. ஊசியால் ஊசிமுனையளவு திசு எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினால் அதுவும் 'காசநோய்க் கிருமி உண்டு' என்றே சொல்லக்கூடும். பி.சி.ஜி.யும் காசநோய்க் கிருமிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தப் பரிசோதனையால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, யாரிடமிருந்து குழந்தைக்கு ஒட்டியது என்று வீட்டுக்குள் விசாரணை வைக்கும் முன், கட்டி ஊசி போட்ட பக்கத்தில் இருக்கிறதா, குழந்தை நன்றாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

நெறிக்கட்டில் சீழ் பிடித்துவிட்டது. கீறி எடுத்துவிடலாமா?

கீறக் கூடாது. மேல்தோல் சிவந்து பளபளப்பாகி, தொட்டால் கொழகொழவென்று இருக்கும்போது கத்தி வைத்துத் திறந்துவிடத் தோன்றும். திறந்தால் அந்த வாய் மாதக்கணக்கில் மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும், தழும்பும் மோசமாக நிற்கும். கொஞ்சம் பெரிய ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பதுதான் முறை. தேவைப்பட்டால் சில நாள் கழித்து இன்னொரு முறை. பல அறைகளாகக் கட்டி இருந்தாலோ ஏற்கெனவே உடைந்து புரையோடிப் போயிருந்தாலோ அறுவை சிகிச்சை மருத்துவர் கட்டியை முழுதாக எடுத்துவிடுவார்.

மாத்திரை? ஐசோநயசிட், ரிஃபாம்பிசின், எரித்ரோமைசின் எல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நலமாக இருக்கும் குழந்தையின் நெறிக்கட்டு இவற்றால் சீக்கிரம் ஆறுகிறது என்பதற்கோ, சீழ் வைக்காமல் தடுக்கப்படுகிறது என்பதற்கோ நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

எலும்பைப் பாதிக்குமா?

அரிதாக. ஊசி போட்டுச் சில மாதங்கள் முதல் இரண்டு மூன்று வருடம் கழித்துக்கூட வரலாம் என்பதால் யாருக்கும் ஊசி ஞாபகத்துக்கு வராது. நடக்கப் பழகிய குழந்தை ஒரு காலை ஊன்றாமல் நொண்டும். முழங்காலோ கணுக்காலோ வீங்கும். சிலருக்கு விலா எலும்பில், மார்பெலும்பில் கட்டி போல் எழும்பும். காசநோய் மருந்துகளால் பெரும்பாலும் நன்றாகக் குணமாகிவிடும்.

தடுப்பூசி தயாரிக்கும் கிருமி ரகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1970-களில் ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் இந்த எலும்பு அழற்சி வழக்கத்துக்கு மாறாக அதிகரித்தது. அப்போது பயன்படுத்திய கோதன்பர்க் ரகத்தை மாற்றிய பிறகு குறைந்தது. ஜப்பானும் தைவானும் எலும்புப் பாதிப்புகளைப் பார்த்துவிட்டு ஊசி போடும் வயதையே தள்ளிவைத்தன. ஜப்பானில் 2013 முதலும் தைவானில் 2016 முதலும் 5 முதல் 8 மாதத்துக்குள் போடுவது வழக்கம்.

'பரவும் பி.சி.ஜி. நோய்' என்று படித்தேன். அது என்ன?

பயப்பட வேண்டியது இதற்குத்தான். கையிலேயே அடங்கியிருக்க வேண்டிய தடுப்பூசிக் கிருமி ரத்தம் வழியாகக் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், எலும்பு மஜ்ஜை என்று உடல் முழுக்கப் போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2.3 லட்சம் முதல் 6.4 லட்சம் ஊசிகளுக்கு ஒரு குழந்தைக்கு இப்படி நேர்கிறது. இந்தியாவில் வருடத்துக்கு இரண்டு கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறப்பதால், அந்த விகிதத்தில் பார்த்தால் நாடு முழுக்க வருடத்துக்குச் சில பத்துக் குழந்தைகள் முதல் நூறு குழந்தைகள் வரை இருக்கலாம். ஒரு மாவட்ட மருத்துவமனை டாக்டர் பல வருடங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம். அதனாலேயே கண்ணில் படும்போது தவறவிடுவதும் எளிது.

இதில் குற்றம் ஊசியில் இல்லை, போட்டவர் கையிலும் இல்லை. ஏறக்குறைய எப்போதும் குழந்தையின் எதிர்ப்பாற்றலில் பிறவியிலேயே ஒரு ஓட்டை இருக்கும். கடுமையானது 'ஸ்கிட்' எனப்படும் தீவிர எதிர்ப்பாற்றல் குறைபாடு. இதில் கிருமிகளை எதிர்க்கும் டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. 17 நாடுகளில் 28 மையங்களிலிருந்து, பி.சி.ஜி. போடப்பட்ட 349 ஸ்கிட் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 2014-இல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்குச் சிக்கல் வந்திருந்தது. 34 விழுக்காட்டினருக்குக் கிருமி பரவியிருந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் ஊசி போட்டவர்களிடம் நிலைமை இன்னும் மோசம்.

இன்னொரு வகைக் குறைபாடு ஏமாற்றும். குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், மற்ற நோய்களைத் தாங்கும், பி.சி.ஜி., சால்மோனெல்லா போன்ற சில கிருமிகளிடம் மட்டும் தோற்றுப்போகும். இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூக்கின் 12 என்ற சமிக்ஞைப் பாதையில் மரபணுக் கோளாறு இருப்பதால் இப்படி. நாள்பட்ட கிரானுலோமா நோய் என்ற வெள்ளணுக் குறைபாட்டிலும் பி.சி.ஜி. நெறிக்கட்டுதான் சில சமயம் முதல் அறிகுறி.

வீட்டில் எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்?

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல். எடை ஏறாமல் நிற்பது, அல்லது இறங்குவது. வயிறு உப்பிக்கொண்டே போவது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கினால் இப்படித் தெரியும். அக்குளில் மட்டுமல்லாமல் மறுபக்கத்திலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுவது. ஊசி போட்ட புண் ஆறுவதற்குப் பதில் அகன்றுகொண்டே போவது. தோலில் அங்கங்கே முடிச்சுகள். மருந்து போட்டும் போகாத வாய் வெண்படலம், நிற்காத வயிற்றுப்போக்கு, திரும்பத் திரும்ப நிமோனியா.

இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து இருந்தால் 'ஊசிப் புண்தானே' என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனை எந்த ஊரிலும் எடுக்கலாம், செலவும் குறைவு. அதில் லிம்போசைட்டுகளின் (டி-செல்களும் சேர்ந்த வெள்ளணு வகை) மொத்த எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆய்வகச் சீட்டுகளில் பெரியவர்களுக்கான அளவுகளைத்தான் அச்சிட்டிருப்பார்கள். பெரியவருக்கு 1,500 சரியான அளவு. கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே போனாலே யோசிக்க வேண்டும். சீட்டில் நட்சத்திரக் குறி இல்லை என்பதால் 'எல்லாம் நார்மல்' என்று திரும்பி வந்துவிடக் கூடாது.

சிகிச்சை இருக்கிறதா?

இருக்கிறது, நீண்டது. ஒரே நேரத்தில் பல காசநோய் மருந்துகள் கொடுக்க வேண்டும். வழக்கமான கூட்டு மாத்திரையை அப்படியே கொடுத்தால் போதாது: பி.சி.ஜி. மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து வந்தது, அந்த மாத்திரையில் இருக்கும் பைராசினமைடு என்ற மருந்து அதன்மேல் வேலை செய்யாது. அதனால் 'குழந்தைக்குப் பி.சி.ஜி. போட்ட பிறகு வந்தது' என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மருந்து கிருமியை அடக்கும், ஓட்டையை அடைக்காது. ஸ்கிட் போன்ற குறைபாட்டுக்கு நிரந்தர வழி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான். அதற்கு வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மையங்களுக்குப் போக வேண்டியிருக்கும்.

எந்தக் குழந்தைக்கு ஆபத்து என்று முன்பே தெரிந்துகொள்ள முடியாதா?

ஓரளவு முடியும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் 2021 செப்டம்பரில் குதிகால் ரத்தத் துளியில் ஸ்கிட் பரிசோதனையைச் சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள். அந்த முடிவு வரட்டும் என்று, ஊசி தேவைப்படும் குழந்தைகளுக்கும் பி.சி.ஜி.யைப் பிறந்த 28 நாள் அளவுக்குத் தள்ளிவைத்தார்கள். நாமும் அப்படியே செய்யலாமே என்று கேட்கலாம். அங்கே காசநோய் குறைவு, ஒரு மாதம் காத்திருக்கலாம். இங்கே பிறந்த வீட்டிலேயே இருமும் தாத்தா இருக்கக்கூடும். அதோடு, பிரசவ வார்டை விட்டுப் போன குழந்தை திரும்பி வந்து ஊசி போட்டுக்கொள்ளுமா என்பதும் நிச்சயமில்லை. அதனால் எல்லாக் குழந்தைகளுக்கும் தள்ளிப்போடுவது நமக்குச் சரிவராது என்றே நினைக்கிறேன்.

ஆனால் காசு செலவில்லாத ஒரு பரிசோதனை நம்மிடம் உண்டு: ஒரு கேள்வி. 'இந்தக் குழந்தைக்கு முன்னால் பிறந்த குழந்தை ஏதாவது ஒரு வயதுக்குள் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று இறந்திருக்கிறதா? அம்மாவின் அண்ணன் தம்பி யாராவது குழந்தையிலேயே இறந்தார்களா?' ஸ்கிட்டில் ஒரு வகை தாய் வழியாக ஆண் குழந்தைகளுக்கு வரும் என்பதால்தான் தாய்மாமன்களைப் பற்றிக் கேட்பது. இன்னும் பல வகைகள் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்வது தமிழ்நாட்டில் இன்னும் சாதாரணம். ஒரே மரபணுக் கோளாறு இரு பக்கமிருந்தும் சேர இது வழிசெய்கிறது.

நம் வீடுகளில் இறந்த குழந்தையைப் பற்றிப் பேசமாட்டார்கள். பிரசவம் ஆன வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்த வழக்கத்தை மீறுங்கள். யாரும் கேட்காவிட்டாலும், ஊசி போடும் முன் நர்ஸிடமோ டாக்டரிடமோ நீங்களே சொல்லுங்கள். அப்படி ஒரு வரலாறு இருந்தால் பரிசோதனை முடியும்வரை பி.சி.ஜி.யையும், வாய்வழிச் சொட்டு மருந்து உட்பட மற்ற உயிர்த் தடுப்பூசிகளையும் நிறுத்திவைப்பார்கள்.

அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருந்தால் போடலாமா?

குழந்தைக்குத் தொற்று உறுதியாகாமல், அறிகுறியும் இல்லாமல் இருந்தால், காசநோய் அதிகமுள்ள நாடுகளில் பிறந்தவுடன் போடலாம். குழந்தைக்கு எச்.ஐ.வி. உறுதியானால், அதற்கான கூட்டு மருந்து தொடங்கி எதிர்ப்பாற்றல் தேறும்வரை தள்ளிவைக்க வேண்டும். ஏற்கெனவே ஊசி போட்ட குழந்தைக்கு எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய சில வாரங்களில் கை பழுத்து நெறி கட்டினால், உடல் விழித்துக்கொண்டு பழைய கிருமியைத் தாக்குகிறது என்று பொருள். எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திவிடாமல், அந்த மருந்து தரும் மையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.

கர்ப்ப காலத்தில் மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ ஊசி எடுத்துக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற மருந்துகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கும். பிரிட்டனில் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த தாய்க்குப் பிறந்த குழந்தை, மூன்று மாதத்தில் போட்ட பி.சி.ஜி. உடல் முழுக்கப் பரவி நாலரை மாதத்தில் இறந்தது. 2010-இல் அதைப் பதிவு செய்தார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் குறைந்தது ஆறு மாதம், சில வழிகாட்டுதல்களின்படி ஒரு வருடம், ஊசியைத் தள்ளிவைக்கிறார்கள்.

குறைமாதக் குழந்தைக்கு?

31 வாரத்துக்குப் பிறகு பிறந்து, உடல்நிலை சீராக இருந்தால் எடை குறைவு என்பதற்காக மறுக்க வேண்டியதில்லை.

பி.சி.ஜி.யால் எழுபது குழந்தைகள் இறந்த கதை உண்மையா?

உண்மை, ஆனால் பாதிக் கதைதான் சுற்றுகிறது. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1929 டிசம்பரிலிருந்து 1930 ஏப்ரல் வரை 251 பச்சிளங்குழந்தைகளுக்கு வாய்வழியாகப் பி.சி.ஜி. கொடுத்தார்கள். 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: பாரிஸிலிருந்து வந்த பி.சி.ஜி.யில் தவறு இல்லை. அதை உள்ளூர் ஆய்வகத்தில் வளர்த்தபோது உண்மையான, வீரியமுள்ள காசநோய்க் கிருமி அதில் கலந்துவிட்டது. 1932-இல் இரண்டு மருத்துவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. வீரியம் குறைக்கப்பட்ட கிருமி மறுபடி வீரியம் பெற்றுவிட்டது என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்ட முடியாது.

செங்கல்பட்டு ஆய்வில் இந்த ஊசி பயனில்லை என்று தெரிந்துவிட்டதாமே? பிறகு ஏன் போட வேண்டும்?

செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கி 15 ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதுதான் அதன் முடிவு. கைக்குழந்தைக்கு ஊசி போடுவது அதற்காக இல்லை. சின்னக் குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடல் முழுக்கத் தினை தூவியது போல் பரவும் மிலியரி காசநோயையும் தடுக்கத்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் முதலாவதற்கு எதிராக 73 விழுக்காடும், இரண்டாவதற்கு எதிராக 77 விழுக்காடும் பாதுகாப்பு கிடைக்கிறது. காசநோய் மூளைக்காய்ச்சலில் பிழைத்த குழந்தைக்கும் பார்வை, காது கேட்பது, நடை என்று ஏதாவது ஒன்று போய்விடுவது உண்டு. சில லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்தோடு இதை வைத்துப் பார்த்தால், எதிர்ப்பாற்றல் குறை இல்லாத குழந்தைக்கு ஊசி போடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆறிப்போன தழும்பு பல மாதம் கழித்துத் திடீரென்று சிவந்தால்?

காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நாளாகக் காய்ச்சல், கண் சிவப்பு, உதடு வெடிப்பு, உடலில் தடிப்பு, கை கால் வீக்கம், கூடவே பி.சி.ஜி. தழும்பு சிவந்து தடித்திருந்தால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். ஊசியின் சிக்கல் இல்லை. இன்னொரு நோயை அந்தத் தழும்பு காட்டிக்கொடுக்கிறது. இதயத்தின் ரத்தக்குழாய்களைப் பாதிக்கும் என்பதால் காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கை பழுத்திருக்கும்போது ஆறாவது வாரத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

வழக்கமான புண், சாதாரண நெறிக்கட்டு என்றால் தள்ளிப்போட வேண்டாம். அந்த வயதில் ஊசிகள் தொடையில்தான் போடப்படும், பி.சி.ஜி. போட்ட கையில் அடுத்த மூன்று மாதத்துக்கு வேறு எதையும் போடக் கூடாது. சீழ்க்கட்டி, உடைந்த நெறிக்கட்டு, எலும்புப் பாதிப்பு போன்றவை வந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருந்துகளின் பாதகமான விளைவுகளைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. அழைக்கும்போது தாய் சேய் நல அட்டை கையில் இருக்கட்டும். ஊசி போட்ட தேதியும், குறித்து வைத்திருந்தால் குப்பியின் தொகுதி எண்ணும் கேட்பார்கள்.